எல்லைக்கல் எங்கே நிற்கிறது: சப்நெட் மாஸ்க் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

கோவையிலும் ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் பொறியியலோ டிப்ளமோவோ முடித்துவிட்டு, பகலில் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் கணினிப் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டே மாலையில் சிசிஎன்ஏ என்ற சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்குச் சில ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருகிறேன். கேபிள், ஸ்விட்ச், ரூட்டர் என்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய எதையும் அவர்கள் சளைக்காமல் கற்றுக்கொள்கிறார்கள். சப்நெட் மாஸ்க் பாடம் வரும் வாரத்தில்தான் வகுப்பில் ஆள் குறைகிறது. பாடம் கடினமானது என்பதால் அப்படி நடப்பதில்லை. முதல் நாளிலேயே ஒரு பெரிய அட்டவணையைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுகிறார்கள். அட்டவணை எதைச் சொல்கிறது என்று தெரியாமலே மனப்பாடம் செய்தவர், கேள்வி சற்றே திரும்பி வந்ததும் தடுமாறிப் போகிறார்.

என் அனுபவத்தில், சப்நெட் பற்றிய எல்லாக் கேள்விகளும் உள்ளே ஒரே கேள்விதான்: எல்லை எங்கே இருக்கிறது, இந்த முகவரி எந்தப் பக்கம் விழுகிறது? அதைப் பார்க்கப் பழகுவதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டரை ஒதுக்கிவிடுங்கள், ஏனென்றால் தேர்வறையிலும் அது கிடையாது. 200-301 என்ற எண் கொண்ட சிசிஎன்ஏ தேர்வுக்கு 120 நிமிடம் தருகிறார்கள். ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் மறுபடி அதற்குத் திரும்ப முடியாது. ஆகவே கணக்கு சரியாக இருப்பதோடு வேகமாகவும் இருக்க வேண்டும்.

புல எண்ணும் உட்பிரிவும்

நம் பக்கத்தில் அண்ணன் தம்பிகள் தோட்டத்தையோ காட்டையோ பாகம் பிரிப்பதைப் பார்க்காதவர்கள் குறைவு. பிரிப்பதற்கு முன்பு பட்டாவில் புல எண் 128 என்று மட்டும் இருக்கும். சர்வேயர் வந்து அளந்து கல் நட்ட பிறகு அது 128/1, 128/2 என்று உட்பிரிவுகளாக மாறும். வெளியூரிலிருந்து வருபவருக்கு ஊர்ப் பெயரும் புல எண்ணும் போதும். எந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் யாருடையது என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

சப்நெட் என்பது அந்த உட்பிரிவு. சப்நெட் மாஸ்க் என்பது அந்த எல்லைக்கல். 1985ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆர்எஃப்சி 950 என்ற ஆவணம் இந்த முறையை இணையத்துக்கான தர நடைமுறையாக வகுத்தபோதும் எண்ணம் இதுவேதான்: ஒரு நிறுவனம் தன் நெட்வொர்க்கை உள்ளே எத்தனை துண்டாகப் பிரித்தாலும், வெளியே இருக்கும் ரூட்டர்கள் அதை ஒரே நெட்வொர்க்காகவே பார்க்கும். இந்த ஒப்புமை ஓரிடத்தில் மட்டும் பொருந்தாது. நிலத்தை ஏழு சென்ட், பதினொரு சென்ட் என்று விருப்பப்படி வெட்டலாம். இங்கே பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று மட்டுமே வெட்ட முடியும். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

முதற்படி: எட்டு இடங்கள்

ஐபி முகவரியின் நான்காம் பதிப்பில் ஒவ்வொரு முகவரியும் 32 பிட் கொண்டது; பிட் என்பது 0 அல்லது 1 மட்டுமே வரும் ஓர் இடம். அதை எட்டு எட்டாகப் பிரித்து, நான்கு ஆக்டெட்டுகளாக, இடையே புள்ளி வைத்து எழுதுகிறோம். ஒவ்வொரு ஆக்டெட்டிலும் உள்ள எட்டு இடங்களின் மதிப்பு இடமிருந்து வலமாக இதுதான்:

128, 64, 32, 16, 8, 4, 2, 1

77 என்ற எண்ணை இதில் உட்கார வைத்துப் பாருங்கள். 128 அதில் அடங்காது, ஆகவே 0. 64 அடங்கும், 1, மீதி 13. 32 அடங்காது, 16 அடங்காது, இரண்டுக்கும் 0. 8 அடங்கும், மீதி 5. 4 அடங்கும், மீதி 1. 2 அடங்காது. 1 அடங்கும். எனவே 77 என்பது 01001101. இந்த வேலையை முதல் மூன்று நாள் இருபது எண்களுக்காவது கையால் செய்யுங்கள். குறுக்குவழிகள் பின்னால் வருகின்றன. ஆனால் பிட்டுகளை ஒரு முறையாவது கண்ணால் பார்க்காதவருக்குக் குறுக்குவழி எங்கே உதவாது என்பது தெரியாது.

இரண்டாம் படி: மாஸ்க் எப்படிப்பட்ட எண்

ஒரு மாணவர் என்னிடம் கேட்டார்: “ஏனுங்க சார், மாஸ்க்கும் பாக்கறதுக்கு ஐபி மாதிரியே இருக்குதுங்களே, அதை எதுக்குங்க மிஷினுக்குத் தனியா குடுக்கறோம்?” நான் சொன்னேன்: “அது முகவரி இல்லைங்க தம்பி. அந்த முகவரியில எது வரைக்கும் ஊரு, எங்கிருந்து வீடுன்னு காட்டற கோடுங்க அது.”

மாஸ்க்கும் 32 பிட் தான். ஆனால் அதில் இடப்பக்கம் முழுக்க ஒன்றுகளும், வலப்பக்கம் முழுக்கச் சுழியங்களும் இருக்கும்; இரண்டும் கலந்து வராது. ஒன்றுகள் இருக்கும் பகுதி நெட்வொர்க், சுழியங்கள் இருக்கும் பகுதி ஹோஸ்ட், அதாவது அந்த நெட்வொர்க்கில் உள்ள தனிக் கருவி. ஒன்றுகள் முடிந்து சுழியம் தொடங்கும் இடமே எல்லைக்கல். கல்லை ஒரு பிட் வலப்பக்கம் நகர்த்தினால் நெட்வொர்க் சரிபாதியாகிறது என்பதால்தான் பாதி பாதியாக மட்டுமே பிரிக்க முடிகிறது.

இடப்பக்கத்திலிருந்து ஒன்றுகளை வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போனால் ஓர் ஆக்டெட்டில் வரக்கூடிய மதிப்புகள் கிடைத்துவிடும். 128, அதனோடு 64 சேர்த்தால் 192, 32 சேர்த்தால் 224, பிறகு 240, 248, 252, 254, 255. சுழியத்தையும் சேர்த்து மொத்தம் ஒன்பதே மதிப்புகள். 255.255.255.100 என்று ஒரு விடை கொடுக்கப்பட்டிருந்தால், கணக்கே போடாமல் அதை நீக்கிவிடலாம்.

மாஸ்க்கை /26 என்று எழுதுவதும் இதையேதான் குறிக்கிறது: இடப்பக்கத்திலிருந்து 26 ஒன்றுகள். மூன்று ஆக்டெட்டுக்கு 24 போக, நான்காவதில் இரண்டு ஒன்றுகள், அதாவது 192. ஆகவே /26 என்பது 255.255.255.192.

மூன்றாம் படி: ஒரு முறை நீண்ட வழியில்

192.168.40.77 /26 என்ற முகவரி எந்த சப்நெட்டில் இருக்கிறது? முதல் மூன்று ஆக்டெட்டுகளில் மாஸ்க் 255 என்பதால் அவை அப்படியே நிற்கும். நான்காவதை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவோம்.

முகவரி: 01001101
மாஸ்க்: 11000000
விடை: 01000000

இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1, மற்றவற்றில் 0. ரூட்டரும் கணினியும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் செய்யும் ஆண்ட் கணக்கு இதுதான். விடை 64, எனவே சப்நெட் 192.168.40.64. ஹோஸ்ட் பகுதியில் உள்ள ஆறு இடங்களையும் ஒன்றாக்கினால் 01111111, அதாவது 127. அது பிராட்காஸ்ட் முகவரி, அதாவது சப்நெட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒருசேரச் செய்தி அனுப்புவதற்கானது. இடையில் உள்ள 65 முதல் 126 வரையிலான 62 முகவரிகளைக் கருவிகளுக்குக் கொடுக்கலாம். ஆறு பிட்டுக்கு 64 முகவரிகள். முதலாவது சப்நெட்டின் பெயராகவும் கடைசி பிராட்காஸ்டாகவும் போய்விடுவதால் இரண்டைக் கழிக்கிறோம்.

நான்காம் படி: தாவல் எண்

பிட்டுகளைப் பார்த்தாயிற்று, இனி வேகமான வழி. எல்லைக்கல் நிற்கும் ஆக்டெட்டின் மாஸ்க் மதிப்பை 256இலிருந்து கழியுங்கள். /26க்கு 256 − 192 = 64. இதை நான் வகுப்பில் தாவல் எண் என்று சொல்வது வழக்கம். சுழியத்திலிருந்து தொடங்கி 64 64ஆகத் தாவினால் 0, 64, 128, 192. இவையே சப்நெட்டுகள் தொடங்கும் இடங்கள். 77 என்பது 64க்கும் 128க்கும் இடையில் இருக்கிறது, ஆகவே சப்நெட் 64; அடுத்த தொடக்கத்துக்கு ஒன்று குறைவான 127 பிராட்காஸ்ட்.

அருகருகே இருக்கும் எண்கள் ஒரே சப்நெட்டில்தான் இருக்கும் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிட வேண்டும். 192.168.40.94, 192.168.40.97 ஆகிய இரண்டும் /27 மாஸ்க்குடன் இருந்தால் ஒன்றோடொன்று நேரடியாகப் பேச முடியுமா? /27க்கு மாஸ்க் 224, தாவல் எண் 32. தொடக்கங்கள் 0, 32, 64, 96. 94 என்பது 64ஆம் சப்நெட்டில், 97 என்பது 96ஆம் சப்நெட்டில். எண்களுக்கிடையே மூன்றே வித்தியாசம். ஆனால் நடுவே கல் நிற்கிறது. ரூட்டர் இல்லாமல் ஒன்றின் பாக்கெட் மற்றதைச் சென்றடையாது.

எல்லை மூன்றாம் ஆக்டெட்டில் வரும்போது

தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் சற்று நிதானமாகப் பாருங்கள். 172.16.37.200 /20 என்று கேள்வி. 20 என்பது 8 + 8 + 4; ஆகவே மாஸ்க் 255.255.240.0, எல்லைக்கல் மூன்றாம் ஆக்டெட்டுக்குள் நிற்கிறது. தாவல் எண் 256 − 240 = 16. மூன்றாம் ஆக்டெட்டில் தாவுங்கள்: 0, 16, 32, 48. 37 என்பது 32க்கும் 48க்கும் இடையில். சப்நெட் 172.16.32.0. அடுத்த சப்நெட் 172.16.48.0 என்பதால், அதற்கு ஒன்று முந்திய 172.16.47.255 பிராட்காஸ்ட். ஹோஸ்ட் பிட்டுகள் 12. 4096இல் இரண்டு போக 4094 முகவரிகள்.

கேள்வியில் இருந்த 200 எங்கும் பயன்படவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லைக்கு வலப்பக்கம் இருக்கும் ஆக்டெட், சப்நெட்டைத் தீர்மானிப்பதில் எந்தப் பங்கும் எடுப்பதில்லை. ஆனாலும் மாணவர்களின் கண் முதலில் போவது அந்தக் கடைசி எண்ணிடம்தான்.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. மேலே உள்ள சப்நெட்டில் 172.16.35.255 என்ற முகவரியை ஒரு கணினிக்குக் கொடுக்கலாமா? 255 என்று முடிந்தால் பிராட்காஸ்ட் என்று மனப்பாடம் செய்தவர் கூடாது என்பார். உண்மையில் தாராளமாகக் கொடுக்கலாம், அது 32.0க்கும் 47.255க்கும் நடுவில் உள்ள சாதாரண முகவரி. 172.16.36.0 என்பதும் அப்படியே. ஒரு முகவரி பிராட்காஸ்டா இல்லையா என்பதை அதன் கடைசி எண் சொல்லாது, மாஸ்க்தான் சொல்லும்.

இதே கணக்கை இரண்டாம் ஆக்டெட்டிலும் போட்டுப் பழகலாம். 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918 நிறுவனங்களின் உட்பயனுக்கென ஒதுக்கிய மூன்று தொகுப்புகளில் ஒன்று 172.16.0.0 /12. மாஸ்க் 255.240.0.0, தாவல் எண் 16, தொடக்கம் 16, அடுத்தது 32. ஆகவே 172.16 முதல் 172.31 வரை தனியார் முகவரிகள், 172.32 வெளி உலகத்தைச் சேர்ந்தது. மனப்பாடமாக வைத்திருந்த ஒரு தகவல் இப்படித் தன் காரணத்தோடு கையில் கிடைக்கும்போது மாணவர்கள் முகத்தில் தோன்றும் தெளிவுதான் எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்தது.

ஐந்தாம் படி: ஒரு பனியன் கம்பெனிக்குப் பிரித்துக் கொடுப்பது

விஎல்எஸ்எம் என்று பாடநூல்கள் சொல்வது, உட்பிரிவுகளைத் தேவைக்கேற்ற வெவ்வேறு அளவில் வெட்டும் முறை. 192.168.40.0 /24 என்ற தொகுப்பு கையில் இருக்கிறது. தையல், செக்கிங் பிரிவுகளின் கருவிகளுக்கு 100 முகவரி வேண்டும், அலுவலகத்துக்கு 50, கண்காணிப்புக் கேமராக்களுக்கு 25, இன்னொரு யூனிட்டுக்குப் போகும் இணைப்பின் இரு முனைகளுக்கு 2.

விதி ஒன்றே: பெரியதிலிருந்து தொடங்க வேண்டும். 100க்கு 128 முகவரிகள் கொண்ட /25 தேவை. அது 0 முதல் 127 வரை எடுத்துக்கொள்கிறது. 50க்கு 64 கொண்ட /26. 128 முதல் 191. 25க்கு 32 கொண்ட /27. 192 முதல் 223. இணைப்புக்கு 4 கொண்ட /30. 224 முதல் 227. அதற்குமேல் 228 முதல் 255 வரை பிற்காலத்துக்கு மிச்சம்.

சிறியதிலிருந்து தொடங்கினால் என்ன ஆகும்? இணைப்புக்கு 0 முதல் 3 வரை கொடுத்துவிட்டு, அடுத்து 4இலிருந்து 128 முகவரி வேண்டும் என்றால் கிடைக்காது. /25 என்பது 0இலோ 128இலோதான் தொடங்க முடியும். தாவல் எண்ணின் மடங்கில்தான் கல் நட முடியும் என்பதை மறந்து போட்ட திட்டங்களை நேரிலும் பார்த்திருக்கிறேன். அவற்றைத் திருத்துவது புதிதாகப் போடுவதைவிட அதிக வேலை. அதேபோல் 62 கருவிக்கு /26 சரியாகப் பொருந்துகிறதே என்று நிறைவடையாதீர்கள். வெளியே போகும் வாசலான கேட்வேயாக இருக்கும் ரூட்டருக்கும் அதிலிருந்தே ஒரு முகவரி வேண்டும்.

பழைய புத்தகங்கள் பற்றி

உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் குறைந்த விலையில் நெட்வொர்க்கிங் நூல்கள் கிடைக்கும். வாங்கிப் படிப்பதில் தவறில்லை. இரண்டு இடங்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். முதலாவது, முகவரியின் தொடக்க எண்ணை வைத்தே நெட்வொர்க்கின் அளவைச் சொன்ன ஏ, பி, சி என்ற வகுப்புகள். எல்லையை /26 போன்ற எண்ணால் குறிக்கும் சைடர் முறை 1993இல் வந்ததிலிருந்து நெட்வொர்க்கின் எல்லையை வகுப்பு தீர்மானிப்பதில்லை. 192இல் தொடங்கினால் /24 தான் என்று முடிவுகட்டாமல், கேள்வியில் கொடுத்திருக்கும் மாஸ்க்கை மட்டும் நம்புங்கள். இரண்டாவது, சப்நெட்டுகளின் எண்ணிக்கையிலிருந்தும் இரண்டைக் கழிக்கச் சொல்லும் பழைய சூத்திரம். சிஸ்கோ ரூட்டர்களின் இயங்குதளமான ஐஓஎஸ் 12.0 பதிப்பிலிருந்து, முதல் துண்டான சுழிய சப்நெட்டைப் பயன்படுத்துவது இயல்பாகவே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஹோஸ்டுகளின் எண்ணிக்கையில் மட்டும் இரண்டைக் கழியுங்கள். அதற்கும் ஒரு விலக்கு உண்டு: இரண்டு ரூட்டர்களை மட்டும் இணைக்கும் இடத்தில் /31 பயன்படுத்தி இரண்டு முகவரிகளையும் கொடுக்கலாம் என்று 2000 டிசம்பரில் ஆர்எஃப்சி 3021 வகை செய்தது.

ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் வழி கண்டறியும் முறை), ஏசிஎல் (எந்தப் போக்குவரத்தை அனுமதிப்பது என்ற பட்டியல்) பாடங்களில் வரும், மாஸ்க்கின் தலைகீழான வைல்டுகார்டு மாஸ்க்குக்குப் புதிதாக எதுவும் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆக்டெட்டையும் 255இலிருந்து கழித்தால் போதும். /26க்கு அது 0.0.0.63.

மாஸ்க் தவறினால் என்ன நடக்கும்

கருவிகள் பெருகியதால் ஒரு பின்னலாடைத் தொழிற்கூடத்தில் 192.168.10.0 /24 ஆக இருந்த நெட்வொர்க்கை /23 ஆக மாற்றினோம். மாஸ்க் 255.255.254.0 ஆனது, முகவரிகள் 10.0 முதல் 11.255 வரை விரிந்தன. மறுநாள் காலை பேக்கிங் பிரிவிலிருந்து அழைப்பு: பார்கோடு ஸ்டிக்கர் அடிக்கும் பிரிண்டர் சில கணினிகளுக்கு மட்டும் வேலை செய்யவில்லை. கேபிளை மாற்றினார்கள், டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினார்கள்; பெட்டிகள் ஸ்டிக்கர் இல்லாமல் அடுக்கிக் கிடந்தன. நானும் இரண்டு மணி நேரம் ஸ்விட்சைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது புரிந்தது. 192.168.10 என்று தொடங்கும் கணினிகளிலிருந்து அச்சாகிறது, 192.168.11 என்று தொடங்குபவற்றிலிருந்து அச்சாகவில்லை. பிரிண்டரின் முகவரி 192.168.10.50; அதில் மட்டும் பழைய 255.255.255.0 மாஸ்க் மாற்றப்படாமல் இருந்தது, கேட்வே இடம் காலியாக விடப்பட்டிருந்தது. 11.20 என்ற கணினியின் கணக்கில் பிரிண்டர் பக்கத்து வீடு. ஆகவே நேராக அனுப்பியது. பிரிண்டரின் கணக்கில் 11.20 என்பது வேற்றூர். அங்கே போக வழி சொல்லும் கேட்வேயும் இல்லை. கேள்வி போய்ச் சேர்ந்தது, பதில் திரும்பவில்லை. மாஸ்க்கைத் திருத்திக் கேட்வேயையும் நிரப்பியதும் பிரிண்டர் ஓடத் தொடங்கியது. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் இரண்டு கருவிகள் எல்லையை வெவ்வேறு இடத்தில் வைத்திருந்தால் இப்படித்தான் பாதி வேலை செய்யும், பாதி செய்யாது. தேர்வில் இதே நிலைமையைச் சரிசெய்யும் கேள்வியாகத் தருவார்கள். இரு முனைகளின் மாஸ்க்கையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள்.

தினசரிப் பயிற்சி

காந்திபுரத்திலிருந்து திருப்பூருக்கோ, பெருந்துறையிலிருந்து ஈரோட்டுக்கோ தினமும் பஸ்ஸில் போகிறவர்களுக்கு நான் சொல்லும் பயிற்சி இது. முன்னால் போகும் லாரியின் எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தை நான்காம் ஆக்டெட்டாக எடுத்துக்கொண்டு, ஒரு மாஸ்க்கை நீங்களே முடிவு செய்யுங்கள். 58 என்று வந்தால், /28க்குத் தாவல் எண் 16. தொடக்கங்கள் 48, 64. ஆகவே சப்நெட் 48, பிராட்காஸ்ட் 63. ஒரு முகவரிக்கு இருபது நொடிக்குள் வரும் வரை இதைத் தொடருங்கள். தினமும் செய்பவர்கள் இரண்டு மூன்று வாரத்தில் அந்த வேகத்துக்கு வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

தேர்வு மையத்தில் எழுதி அழிக்கக்கூடிய பலகையும் பேனாவும் தருவார்கள். தேர்வு தொடங்கியதும் அதில் 128 முதல் 1 வரை ஒரு வரியும், அதன் கீழே 128, 192, 224, 240, 248, 252, 254, 255 என்று மற்றொரு வரியும் எழுதிக்கொள்ளுங்கள். மேல்வரி தாவல் எண், கீழ்வரி மாஸ்க். 256இலிருந்து கழிக்கும் வேலையும் மிச்சம்.

இப்போது புத்தகத்தைப் பார்க்காமல் இந்த ஒன்றைப் போடுங்கள்: 10.20.99.14 /21. மாஸ்க், சப்நெட், பிராட்காஸ்ட், கருவிகளுக்குக் கொடுக்கக்கூடிய முகவரிகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் எழுதுங்கள். 255.255.248.0, 10.20.96.0, 10.20.103.255, 2046 என்று வந்தால் சரி. வராவிட்டால், எல்லைக்கல் எந்த ஆக்டெட்டில் நிற்கிறது என்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.